டிசம்பர் பூவுக்குக் கட்டிய பிராது

நம் வயதுக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் இப்போது செடி உள்ளே வந்துவிட்டது, கவனித்தீர்களா? பிள்ளைகள் காலி செய்துவிட்டுப் போன அறையில் ஒரு தொட்டி, டி.வி. பக்கத்தில் ஒரு தொட்டி, குளியலறை ஜன்னலில்கூட ஒன்று. மூட்டு வலியையும் சர்க்கரையையும் பேசி முடித்த பிறகு நாம் செடிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். போன வாரம் மாடி வீட்டுத் தோழி போனில் ஒரு வீடியோ காட்டினாள். வீட்டுக்குள் வளரும் செடி வெளிச்சம் தேடிக் கண்டபடி உயரமாகப் போய்விடுமாம். மொட்டு வைப்பதற்கு முன்பே நுனியைக் கிள்ளிவிட்டால் உயரம் அடங்கி, பக்கத்தில் கிளை விட்டு, பிறகு நிறையப் பூக்குமாம். "இதெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்றாள். சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் என்று சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழைய நாட்கள் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஓட்டுக் கூரை. அப்பா பட்டறையில் சூளை எரிக்கிறவர். அந்தத் தெருவில் யார் வீட்டிலும் முழுசான பீங்கான் சாமான் கிடையாது. எல்லாம் பட்டறையில் கழித்துப் போட்ட ஒடசல்தான். வாய் கோணிய ஜாடியில் உப்பு இருக்கும், பிடி இல்லாத கோப்பையில் டீ குடிப்போம். உடைந்த ஃபியூஸ் கட்டைகளை வரிசையாக வைத்துப் பிள்ளைகள் ரயில் ஓட்டுவோம். ஒரு கண் மட்டும் வரைந்து மறு கண் வரையாமல் விட்ட பீங்கான் பொம்மை ஒன்று என்னிடம் இருந்தது. அது எங்கே தொலைந்தது என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

எங்கள் வீட்டு ஒடசல்களிலேயே பெரியது ஒரு ஊறுகாய் ஜாடி. என் இடுப்பு உயரம் இருக்கும், வாயிலிருந்து அடிவரை ஒரு விரிசல். ஒரு தடவை, வெளியே லாரி காத்திருக்கிறது என்று முதலாளி அவசரப்படுத்த, சூளை ஆறுவதற்குள் அப்பா திறந்துவிட்டார். குளிர்ந்த காற்று பட்டதும் உள்ளே ஜாடிகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டனவாம். அந்தச் சத்தத்தை அப்பா எங்களுக்கு வாயால் செய்து காட்டுவார், ஆனால் சிரிக்க மாட்டார். திட்டு முழுக்க அவருக்குத்தான். அந்த ஜாடிகளில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதில் மண் கொட்டி டிசம்பர் பூச்செடி நட்டாள். விரிசல் வழியாகத் தண்ணீர் வடிந்ததால் வேர் அழுகாமல் செடி பிழைத்தது.

தெருவில் வைத்தால் ஆடு தின்னும். ஆடு விட்டதை மாவு மூடும். பட்டறைகளில் மண் அரைக்கும்போது பறக்கிற வெள்ளைப் பொடி எங்கள் துணி, தலைமயிர், இட்லித் தட்டு எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். அதனால் ஜாடி உள்ளேயே இருந்தது, முன்னறையில், கண்ணாடி ஓட்டுக்குக் கீழே. கூரையில் அந்த ஒரு ஓடுதான் கண்ணாடி. அதன் வழியாக விழும் சதுர வெளிச்சத்தைத் தொடுவதற்காகச் செடி ஒல்லியாக மேலே மேலே போகும்.

டிசம்பர் பூவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஊதா நிறம், வாசனை கிடையாது, காலையில் விரிந்து சாயங்காலமே துவண்டுவிடும். இருந்தாலும் குளிர் தொடங்கிவிட்டால் ஸ்கூலில் எந்தப் பெண் தலையைப் பார்த்தாலும் அதுதான்.

முந்தின தடவை அம்மா முழுகாமல் இருந்தபோது நான் ரொம்பச் சின்னவள். ஏழாம் மாதம், கார்த்திகையில் ஒரு காலை, செடியில் பூக்கள் விரிந்திருந்தன. அம்மா எனக்கு ஒன்று பறித்து வைத்துவிட்டாள். அன்றைக்கே அவளுக்கு வலி வந்துவிட்டது. பெண் குழந்தை, அழவே இல்லை என்றார்கள். அப்பா அதைத் துணியில் சுற்றி மணிமுத்தாற்றுப் பக்கம் எடுத்துப் போவதற்கு முன், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து செடியில் இருந்த அத்தனை பூவையும் பறித்து அந்தத் துணிக்குள் வைத்தாள். "ஆறாத சூளையத் தொறந்தாப்புல ஆயிடுச்சே" என்று அப்பா வாசலில் உட்கார்ந்து சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு செடியைத் தூக்கி எறியச் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அவள் கொடுத்தது அந்தப் பூ ஒன்றுதான்.

நான் நாலாவது படித்த வருஷம் அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். தை மாதம் பிள்ளை பிறக்கும் என்றார்கள். ஆடி மாதமே சேத்தியாத்தோப்பிலிருந்து அத்தை வந்து இறங்கினாள், அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு அவள் தனிதான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையில் அரிசி மூட்டை, வாயில் ஒரு சொல். கூடாது என்பதுதான் அந்தச் சொல். வாசற்படியில் உட்காரக் கூடாது, பூசணிக்காய் நறுக்கக் கூடாது, சாயங்காலத்தில் தலை வாரக் கூடாது. அப்பாவுக்கும் தனியாக ஒரு பட்டியல் இருந்தது.

"தம்பி, பொண்டாட்டி மாசமா இருக்கயில புருசங்காரன் முடி வெட்டக் கூடாது. தாடி எடுக்கக் கூடாது. பச்ச மரம், செடி, கொடி எதையும் வெட்டக் கூடாது. கேட்டுக்க."

"சூள வாயில நிக்கறவன்க்கா நானு. தாடிய வச்சிக்கிட்டு எப்படி?"

"தள்ளி நில்லு."

முந்தின தடவை அப்பா முடி வெட்டிக்கொண்டார் என்பதை அத்தையும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆவணிக்குள் அவர் முகம் பாதி மறைந்துவிட்டது. ஒரு நாள் மயிர் பொசுங்கிய வாடையோடு வீட்டுக்குள் வந்தார், தாடியில் ஒரு பக்கம் சுருண்டு கருகியிருந்தது. அம்மா அதைப் பார்த்து அழுதாள். தெருக்காரர்கள் சாமியார் என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்தத் தாடிக்குள் அப்பா எங்கேயோ தூரமாகப் போய்விட்ட மாதிரி இருந்தது.

செடியும் வளர்ந்தது. ஆடி மழைக்குப் பிறகு என்னை விட உயரமாகி, ஒரு பக்கம் சாய்ந்து, ஜன்னல் கம்பியில் கட்டிவைக்க வேண்டியதாயிற்று.

"நுனிய கொஞ்சம் வெட்டி உட்டா அடங்குங்க" என்றாள் அம்மா.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அரிவாள்மனையையே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். "பச்சைய வெட்டுறதா? இந்த நேரத்துலயா? கூடாது. அது பாட்டுக்கு வளரட்டும், பூக்கட்டும். மாசமா இருக்கற வூட்டுல செடி பூத்தா வூட்டுக்கே நல்லது."

பூக்கட்டும் என்று அத்தை சொன்னபோது அம்மா வயிற்றின் மேல் கை வைத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

ஆவணிக்கு மேல் ஒரு அதிசயம் நடந்தது. செடி உயர்வதை நிறுத்திவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டுப் புதராக அடர்ந்தது. "சொன்ன பேச்சக் கேக்குது பாரு. மனுசங்கதான் கேக்க மாட்டேங்கறாங்க" என்று அத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

புரட்டாசியில் ஒரு விடிகாலை எனக்கு விழிப்பு வந்தது. கண்ணாடி ஓட்டில் அப்போதுதான் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. அத்தை கிணற்றடிக்குப் போயிருந்தாள். அம்மா ஜாடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்து, நுனியை நகத்தால் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, கீரை ஆய்கிறவள் மாதிரிதான் இருந்தாள். பிறகு எழுந்து அடுப்புக்குள் போட்டுச் சாம்பலைத் தள்ளி மூடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கை என் கன்னத்தில் பட்டபோது பச்சை வாடை அடித்தது.

ஏன் என்பது சில நாள் கழித்துத் தெரிந்தது. எதிர்வீட்டு அக்காதான் அம்மாவுக்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே சிநேகிதம். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லாதவர். அத்தை கடைக்குப் போன ஒரு மதியம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்; நான் ஃபியூஸ் கட்டையில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"போன தடவ இது பூத்த அன்னிக்குத்தான்கா அவ வந்துட்டா. இவனாவது தை வரைக்கும் உள்ள இருக்கணும். அதுவரைக்கும் இது பூக்கவே வேணாம்."

"அப்ப தூக்கி வெளிய வச்சிடேன். ஆடு தின்னுட்டுப் போவுது."

"அது மட்டும் முடியாதுக்கா" என்றாள் அம்மா.

ஐப்பசியில் வளைகாப்பு நடந்தது. வந்தவர்கள் வளையல் அடுக்கியபோது அத்தை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "தாலி அறுத்தவ முன்னாடி நிக்கக் கூடாது" என்று அவளே சொல்லிவிட்டாள். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. ஐந்து வகைச் சோறும் அவள் கைப்பக்குவம், அது நன்றாக இருந்தது, அவ்வளவுதான் என் ஞாபகம்.

கார்த்திகை வந்தது. தெருவெல்லாம் டிசம்பர் பூ. ஸ்கூலில் என் தலை மட்டும் காலி. அத்தைக்கு நிலைகொள்ளவில்லை. தினமும் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இத்தன கிள இருக்குது, ஒரு மொட்டு இல்ல. மாசமா இருக்கற வூட்டுல செடி மலடா நிக்கறது நல்லதுக்கில்ல தம்பி" என்று அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். அப்பா கருகிய தாடியைத் தடவிக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவள், "அடிப்பாவி!" என்று கத்தினாள். நுனிகள் எல்லாம் மழுங்கிக் கறுத்திருந்தன. "யாரோ கிள்ளியிருக்காங்க. தெனம் தெனம் கிள்ளியிருக்காங்க!"

அம்மா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை.

வீட்டுக்குள் வந்து போகிற வெளியாள் ஒருத்திதான். மறுநாள் எதிர்வீட்டு அக்கா டம்ளருடன் வாசலுக்கு வந்தபோது அத்தை படியை மறித்து நின்றாள். "தனக்கு இல்லன்னா அடுத்தவ வூட்டுலயும் இருக்கக் கூடாதா? எந்தக் கையிம்மா இது?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. அத்தையின் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அப்படியே திரும்பிப் போனார். அவர் வாய் திறந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். அவர் திறக்கவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மாவின் அந்தக் குனிந்த தலையை நான் பல வருஷம் கோழைத்தனம் என்று நினைத்திருந்தேன். எட்டு மாத வயிற்றோடு பயந்து நிற்கிற ஒருத்தியால் வேறென்ன செய்ய முடியும் என்பது, நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது.

அத்தையின் ஆத்திரம் அதோடு அடங்கவில்லை. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆடு காணோம், நகை காணோம், பங்காளி வஞ்சித்துவிட்டான் என்றால் அங்கே போய்ப் பிராது கட்டுவார்கள். போலீசுக்குக் கொடுப்பது போலவே தாளில் எழுதி, சாமி முன்னால் வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமியே விசாரித்துத் தண்டித்துவிடுவார். தீர்ந்துவிட்டால் கட்டினவரே வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

பிராது எழுதுகிறவர் காதில் பேனா செருகியிருந்தார். "சொல்லும்மா" என்றார்.

"எங்க வூட்டுச் செடியில மொட்டு வைக்க உடாம யாரோ கிள்ளுறாங்க. புள்ளத்தாச்சி இருக்கற வூடு. கிள்ளுற கை எந்தக் கையோ, அந்தக் கை வெளங்கக் கூடாது. அவள நீதான் கேக்கணும்னு எழுதுங்க."

"யாரும்மா அது? பேரு?"

"பேரு வேணாம். அவருக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள், சொல்லாவிட்டால் சாமி அம்மாவைப் பிடித்துவிடுவார். கற்பூர வாடையில் எனக்குத் தலை சுற்றியது. அத்தை என் நெற்றியில் அழுத்தி விபூதி பூசி, "நீ ஏண்டி நடுங்குற?" என்று கேட்டாள். தாள் வேலில் மற்றத் தாள்களோடு ஆடிக்கொண்டிருந்ததைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கிள்ளுகிற கைதானே சாமிக்கு வேண்டும்? அது என் கையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு முன்னால் எழுந்தேன். இருட்டு பிரிவதற்குள் செடியைத் தடவித் தடவி, சொரசொரவென்று மொட்டு தட்டுப்பட்ட இடமெல்லாம் கிள்ளி, பாவாடையில் முடிந்து, ஸ்கூலுக்குப் போகிற வழியில் சாக்கடையில் போட்டேன். பிறகு அம்மா எழுந்து வந்து தேடுவாள். ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு போய்விடுவாள். பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்க்கும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பகலில்தான் நிம்மதி கிடையாது. சாமி எந்தப் பக்கமிருந்து வருவார் என்று தெரியவில்லையே. மைதானத்தில் விழுந்து முட்டி தேய்ந்தபோது, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். டீச்சரின் பிரம்பு விரல் மேல் விழுந்தபோதும் அப்படித்தான். ஒற்றைக் கண் பொம்மையைக் காணாமல் போக்கியதும் அந்த நாட்களில்தான். அதையும் அவர் கணக்கில்தான் எழுதினேன். தண்ணீர் இறைக்கும்போது என் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், விரல்கள் மடங்குகின்றனவா என்று.

என் கணக்கு ஒரு இடத்தில் தப்பிவிட்டது. அம்மா நாளுக்கு நாள் இளைத்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். திடீரென்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்து, "அசையுதா பாரு? நல்லா பாரு" என்பாள். அசையும். "அசையுதும்மா" என்பேன். "நெசமாவா?" என்று மறுபடி கேட்பாள். எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை. தான் கிள்ளாமலே செடி தானாகவே மொட்டு விடாமல் நின்றுவிட்டது, உள்ளே உயிர் வற்றிவிட்டது, அதுபோலவே வயிற்றிலும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். பூக்கிறதே என்று நடுங்கியவள் இப்போது பூக்கவில்லையே என்று நடுங்கினாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் தினமும் விடியலில் அந்த நடுக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மார்கழிப் பனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாக அடித்தது. ஒரு காலை என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. சாமி வந்துவிட்டார் என்று தெரிந்துபோயிற்று. வெளிச்சம் கண்ணாடி ஓடு வழியாக என் முகத்தில் விழுந்தது. அத்தை நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கால்மாட்டில் இருந்தாள். வேலைக்குக் கிளம்பிய அப்பா துண்டோடு நின்றிருந்தார்.

"நான்தான் கிள்ளுனேன்" என்று கத்தினேன். "அம்மா கிள்ளல. இப்ப அம்மா கிள்ளவே இல்ல. நான்தான். சாமிகிட்ட சொல்லு அத்த. அம்மாவ உட்டுடச் சொல்லு, பாப்பாவ உட்டுடச் சொல்லு!"

ஈரத்துணி அத்தையின் கையிலேயே நின்றுவிட்டது.

"என்னாடி சொல்ற?"

அம்மா மெதுவாக நகர்ந்து வந்து என் கையைப் பிடித்து, விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைக் கறை. தன் நகத்தையும் பார்த்தாள். அப்புறம் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். "அதுக்கு முன்னாடி நான் கிள்ளுனேன் அண்ணி. ஆவணியிலருந்து நான்தான். அந்த எதிர்வூட்டு அக்கா ஒரு பாவமும் அறியாதவ. எனக்குச் சொல்ல வாயி வரல. போன தடவ இது பூத்துத்தானே..."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டிசம்பர் பூ டிசம்பர்ல பூக்காம எப்பம்மா பூக்கும்? அந்த வருசம் ஊரு பூராவும்தான் பூத்துது."

"தெரியும்" என்றாள் அம்மா. "தெரிஞ்சிதாங்க கிள்ளுனேன்."

அத்தை எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள். "எங்கக்கா?" என்று அப்பா கேட்டதற்கு, "வரேன்" என்று மட்டும் குரல் வந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அந்தப் போக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தாள். காலெல்லாம் வெள்ளை மண். என் நெற்றியில் விபூதி பூசினாள். "வாபஸ் வாங்கியாச்சு. தூங்கு" என்றாள். என்ன சொல்லி வாங்கினாள் என்று கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்றைக்கே எதிர்வீட்டுக்குப் போய் அக்காவையும் கையோடு கூட்டி வந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அத்தை வாயில் வராது. "புள்ளைக்குக் கஞ்சி வைக்கணும், எனக்கு அளவு தெரியல, வந்து வச்சிக் குடு" என்றாள், ஊருக்கே சமைத்துப் போடுகிறவள். அக்காவும் ஒன்றும் கேட்காமல் வந்து கஞ்சி வைத்தார்.

பிறகு யாரும் கிள்ளவில்லை. மாதக்கணக்கில் கிள்ளிக் கிள்ளி, ஒன்று இரண்டாகி இரண்டு நாலாகிய அத்தனை கிளையிலும் மொட்டு வந்தது. பொங்கல் சமயத்தில் ஒரு காலை கண் விழித்தால் முன்னறை முழுக்க ஊதா. இலையே தெரியவில்லை. அப்படி ஒரு பூப்பை அதற்கு அப்புறம் நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று யாரும் சந்தோஷப்படவில்லை. அப்பா வேலைக்குப் போகவில்லை. அத்தை வெந்நீர் போட்டு வைத்தாள். அம்மா சுவரில் சாய்ந்து செடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நாங்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் பூக்கள் துவண்டு விழுந்தன. மறுநாள் வேறு பூத்தன. அதற்கு மறுநாள் அப்பா வேலைக்குப் போனார். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பூவும் உதிர்ந்து, செடி வெறும் பச்சையாக நின்று, எல்லாரும் அதை மறந்தே போயிருந்த தை மாதக் கடைசியில், ஒரு சாதாரண மத்தியானம் தம்பி பிறந்தான். பெரியாஸ்பத்திரியே அதிர அழுதான். பூவுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்பா அன்றே தாடியை எடுத்தார். வீட்டுக்கு வந்தவரை எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, புதுசாகச் சுட்டு எடுத்த பீங்கான் மாதிரி இருந்தது.

இங்கேயே முடித்திருப்பேன். மறு வருஷம் தம்பிக்கு முதல் மொட்டை அடிக்க அதே கோயிலுக்குப் போகாமல் இருந்திருந்தால், எனக்கே மிச்சம் தெரிந்திருக்காது.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லாததால் அப்பா மடியில் தம்பியை உட்காரவைத்திருந்தார்கள். அத்தை வழக்கம்போலத் தள்ளி, தூணுக்குப் பின்னால் நின்றாள். நாவிதர் தம்பியின் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, காதில் பேனா செருகிய அந்தப் பெரியவர் எங்களைக் கடந்து போனார். போனவர் நின்று தூண் பக்கம் பார்த்தார்.

"ஏம்மா, செடிக்குப் பிராது கட்டுன அம்மாதான நீங்க?"

அத்தை கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பினாள். அவர் எங்களிடம் திரும்பி, "இத்தன வருசமா எழுதுறேன். கட்டுனவங்களே வந்து, குத்தவாளி நான்தான், கிள்ளுனது எங்கையிதான், கேக்கறதா இருந்தா என்னியக் கேளு, அந்த வூட்டுல வேற யாரையும் தொடாதேன்னு சொல்லி வாபஸ் வாங்குனது இந்தம்மா ஒருத்தங்கதான். அந்த வேலுக்கு முன்னாடி குந்திக்கிட்டு அப்படி ஒரு அழுவ" என்றார். பிறகு கரிசனமாக, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு என்னா? கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் அத்தை. "வெயிலு ஏறுது. மொட்டைய அடிங்க."

அம்மா குனிந்து அப்பா மடியிலிருந்து தம்பியைத் தூக்கினாள். தூணுக்குப் பின்னால் போனாள். "ஒக்காருங்க அண்ணி" என்றாள்.

அத்தை பதறிப்போனாள். "என்னாம்மா பண்ற? நான் ஒக்காரக் கூடாது. நான்லாம்..."

"எல்லாம் கூடும். ஒக்காருங்க."

அத்தையின் தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்து, தம்பியை அவள் மடியில் விட்டாள். நாவிதர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். முதல் இழுப்பில் வந்த முடி அத்தையின் புடவை மேல் விழுந்தது. அத்தை இரண்டு கையாலும் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முடியைத் தட்டிவிடவே இல்லை.